கடையில் சார்ஜிங் பாயின்ட் வைப்பது எப்படி: கணக்கு, இடம், வயரிங், போர்டு என்று முழுமையான வழிகாட்டி

மத்தியானம் ஒன்றரை மணி, தஞ்சாவூரில் ஒரு மெஸ். மீன் குழம்பு சாப்பாட்டை முடித்து, கை கழுவி, கல்லாவுக்கு வந்து க்யூஆர் ஸ்டிக்கர் முன்னால் போனைத் தூக்கினால் திரை கறுப்பாகிவிட்டது. காலையிலிருந்து மேப் போட்டு அலைந்ததில் சார்ஜ் காலி. பாக்கெட்டில் இருந்தது இரண்டு பத்து ரூபாய் நாணயம். எனக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். கல்லாவில் இருந்த பையன் முகம் சுளிக்கவில்லை, "இங்க குடுங்கண்ணே" என்று வாங்கி, தன் போனில் இருந்த ஒயரைப் பிடுங்கி என் போனில் செருகினான். போன் உயிர் பிடித்து, நெட் வந்து, பின் நம்பர் போட்டு, அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி "பெறப்பட்டது" என்று கூவி முடிக்க ஆறேழு நிமிடம் ஆனது. அதுவரை தண்ணீர் டிரம் பக்கத்தில் ஓரமாக, தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடைகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன் நான். "முதலாளி, கஸ்டமர் பக்கம் ரெண்டு சார்ஜிங் பாயின்ட் போட்டுடலாமா?" என்று எத்தனையோ கடையில் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் "அதெல்லாம் எதுக்குப்பா, கரண்ட் பில் யாரு கட்றது" என்பார்கள். யூபிஐ வந்தது 2016-ல். இன்றைக்கு டீக்கடையிலிருந்து நகைக்கடை வரை கஸ்டமரின் பர்ஸ் என்பது அவர் போன்தான், அது அணைந்தால் அவர் வாங்க முடியாது, வாங்கியதற்குக் கொடுக்கவும் முடியாது. அதனால் சார்ஜிங் பாயின்ட்டை கஸ்டமருக்குச் செய்யும் உபகாரமாகப் பார்க்காமல் கல்லாவின் ஒரு பாகமாகப் பாருங்கள். எப்படி வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்று முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த கரண்ட் பில் பயத்தை முடித்துவிடுவோம்

இப்போது விற்கும் போன்களில் 5000 எம்ஏஎச் பேட்டரி சாதாரணம். அதில் அடங்குவது சுமார் 19 வாட் ஹவர். சார்ஜரில் சூடாகி வீணாவதையும் தாராளமாகச் சேர்த்து 25 என்று வையுங்கள். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஹவர். ஆக, ஒரு யூனிட்டில் 40 போனை பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஏற்றலாம். கடை கனெக்‌ஷனுக்கு யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (கணக்குக்குச் சுலபம்) ஒரு போனுக்கு 25 பைசா.

கடைக்கு வருகிற யாரும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை உட்கார்ந்து ஏற்றுவதும் இல்லை. ஒரு நாளைக்கு 20 பேர் பாதி பாதி சார்ஜ் போட்டால் கால் யூனிட், அதாவது இரண்டரை ரூபாய். மாதம் 75 ரூபாய். லேப்டாப் கொஞ்சம் கூட இழுக்கும், ஒரு முழு சார்ஜுக்கு 70, 80 பைசா ஆகலாம்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். தலைக்கு மேல் சுற்றுகிற 75 வாட் பழைய சீலிங் ஃபேன் 20 நிமிடத்தில் சாப்பிடுவதும், ஒன்றரை டன் ஏசி கம்ப்ரஸர் ஒரே நிமிடத்தில் சாப்பிடுவதும் ஒரு போனின் முழு சார்ஜ். ஏசி போட்ட ஹாலில் "இங்கு சார்ஜ் போடக்கூடாது" என்று போர்டு மாட்டிய கடைகளைப் பார்த்திருக்கிறேன். கதவைச் சரியாகச் சாத்தினாலே அந்தக் கடைக்கு அதைவிட மிச்சமாகும்.

உண்மையான செலவு நாற்காலி

பில் பயம் தப்பு என்றால் எல்லா மேஜையிலும் சாக்கெட் போட்டுவிடலாமா? கூடாது. போன் சார்ஜ் ஆகிற வரை ஆள் எழுந்திருக்க மாட்டார். நீங்கள் கொடுப்பது கரண்ட் இல்லை, இடமும் நேரமும். உங்கள் கடையில் ஆள் அதிக நேரம் உட்கார்ந்தால் லாபமா நஷ்டமா என்று முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

மெஸ், டிபன் கடை: மத்தியானம் 1 முதல் 3 வரை ஒரு இலைக்கு அடுத்த ஆள் பின்னாலேயே நிற்கும் கடையில் சாப்பாட்டு மேஜையில் சாக்கெட் வைக்கவே வைக்காதீர்கள். அவர் ரசம் சாப்பிட்டு, மோர் சாப்பிட்டு, 43 சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்லா பக்கத்தில் இரண்டு, ஆட்கள் காத்து நிற்கும் பெஞ்சு இருந்தால் அங்கே இரண்டு, அவ்வளவு போதும். கல்லாவில் வைப்பதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. உட்காரும்போதே போனைக் கொடுத்துவிட்டால் அவர் சாப்பிடும் கால் மணி நேரத்தில் பணம் கட்டும் அளவுக்கு ஏறியிருக்கும், பில் கட்டித்தான் போனை எடுத்துக்கொண்டு போவார்.

சலூன்: இங்கே நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்து, பெஞ்சில் நாலு பேர் இருந்தால் "அப்புறம் வரேன்" என்று போகிறவர்கள்தான் சலூனின் நஷ்டம். அந்த ஆளை உள்ளே இழுத்து உட்கார வைக்கிற எதுவும் லாபம். திருச்சியில் நான் வயரிங் செய்த ஒரு சலூனில் காத்திருக்கும் பெஞ்சு நீளத்துக்கு நாலு பாயின்ட் போட்டோம். முன்பு அங்கே டிவி ரிமோட்டுக்குச் சண்டை நடக்கும். இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஒயர், சத்தமே இல்லை.

துணிக்கடை: கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பத்தில் புடவை பார்க்கிறவர்கள் நாலு பேர் என்றால், தூணோரம் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் இரண்டு பேர் கட்டாயம் உண்டு. மாமா, சித்தப்பா, மாப்பிள்ளை. அவர்கள் போன் தீர்ந்ததும் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஆரம்பிப்பார்கள், அந்தக் கேள்விதான் இரண்டாவது புடவையைக் கெடுக்கும். தூணோர நாற்காலிகளுக்குப் பக்கத்தில் பாயின்ட் போட்ட செலவு ஒரே ஒரு முகூர்த்த சீசனில் வந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

கிளினிக், லேப், ஸ்கேன் சென்டர்: இதில் வியாபாரம் பேசக்கூட எனக்குக் கூச்சம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், பழைய ரிப்போர்ட் போனில்தான் இருக்கும், போகும்போது ஆட்டோவும் அதில்தான் பிடிக்க வேண்டும். கட்டாயம் வையுங்கள்.

கல்யாண மண்டபம்: மணமகள் அறையில் ஒன்றுக்கு நாலாக. ஸ்ட்ரெய்ட்னர், டிரையர், மேக்கப் லைட், கேமராக்காரர் பேட்டரி எல்லாம் அங்கேதான் சண்டை போடும். அது தனி லோடு, அதை போன் சார்ஜிங் லைனோடு சேர்க்கவே கூடாது.

காபி ஷாப் மட்டும் நடுவில் தவிக்கும். லேப்டாப்பைத் திறந்து ஒரு காபிக்கு மூன்று மணி நேரம் உட்காருகிறவரும் வருவார், மாலையில் குடும்பத்தோடு வந்து ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிடுகிறவரும் வருவார். சுவரோர மேஜைகளுக்கு மட்டும் சாக்கெட் கொடுங்கள், நடு மேஜைகளுக்கு வேண்டாம். வேலை பார்க்க வந்தவர் தானாகச் சுவரோரம் போய்விடுவார், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சாக்கெட்டா, யூஎஸ்பியா

இரண்டும். ஆனால் சாக்கெட்தான் அதிகம் இருக்க வேண்டும். காரணம், நம் ஊரில் பலர் கையில் இருக்கும் போன்கள் அந்தந்தக் கம்பெனி சார்ஜரில்தான் வேகமாக ஏறும். ஓப்போ, ஒன்பிளஸ், ரியல்மி வைத்திருப்பவர் தன் சார்ஜரையும் தன் கேபிளையும் செருகினால் அரை மணி நேரத்தில் நன்றாக ஏற்றிக்கொள்வார். அதே போனைச் சுவரில் இருக்கிற சாதாரண யூஎஸ்பி ஓட்டையில் போட்டால் எறும்பு மாதிரி ஊரும். அதுவே நாற்காலிக் கணக்கிலும் இடிக்கும்.

பிறகு யூஎஸ்பி எதற்கு? சார்ஜரைக் கூடவே தூக்கி வருகிறவர்கள் குறைவு. ஆப்பிள் 2020-லும் சாம்சங் தன் விலை உயர்ந்த போன்களில் 2021-லும் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்திய பிறகு, பையில் கேபிள் மட்டும் வைத்திருப்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காக இரண்டு டைப்-சி பாயின்ட். வாங்கும்போது 20 வாட்டாவது கொடுக்கிற, பிடி (பவர் டெலிவரி என்கிற வேக சார்ஜிங் முறை) ஆதரவு உள்ள மாட்யூலாகக் கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று மட்டும் எழுதியிருக்கிற பழைய ரகத்தை எலக்ட்ரிக்கல் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார், வேண்டாம்.

கல்லாவில் உங்கள் சார்பில் ஒரு சார்ஜர், இரண்டு கேபிள். ஒன்று டைப்-சி, ஒன்று பழைய ஐபோன் பின். ஐபோனும் 2023-ல் வந்த 15 மாடலிலிருந்து டைப்-சிக்கு மாறிவிட்டது, ஆனாலும் 11, 12, 13 வைத்திருப்பவர்கள் இன்னும் எங்கும் இருக்கிறார்கள். கேபிள் நாலைந்து மாதத்தில் கழுத்துப் பக்கம் பிய்ந்துவிடும். அதற்குக் கோபப்படாதீர்கள், டிஷ்யூ பேப்பர் கணக்கில் எழுதிவிடுங்கள்.

ஜூஸ் ஜாக்கிங் என்று ஒன்றைச் சிலர் கேட்பார்கள். பொது இடத்து யூஎஸ்பி ஓட்டையில் போனைப் போட்டால், அதே ஒயர் வழியாகத் தகவலைத் திருடலாம் என்கிற எச்சரிக்கை. ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட மோசடி எச்சரிக்கைக் கையேட்டிலேயே இது இருக்கிறது. இப்போதைய போன்கள் தகவல் பரிமாற்றத்துக்கு முன் அனுமதி கேட்கும், பூட்டிய திரையில் சும்மா சார்ஜ் மட்டும்தான் ஏறும். இருந்தாலும் பயப்படுகிறவரிடம் வாதாட வேண்டாம். பக்கத்திலேயே சாதாரண சாக்கெட் இருக்கிறது, அவர் சார்ஜரைச் செருகினால் அதில் கரண்டைத் தவிர வேறெதுவும் போகாது. சாக்கெட் அதிகம் இருக்கட்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரமும் ஒரு சாண் பலகையும்

நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். சுவிட்ச் போர்டு தோள் உயரத்தில், சார்ஜர் அதில், போன் சார்ஜருக்கும் சுவருக்கும் நடுவில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது ஒயரில் தொங்கும். கடையிலும் எலக்ட்ரீஷியன் பழக்க தோஷத்தில் அதே உயரத்தில் பாக்ஸ் அடித்துவிடுவார். போன் விழுந்து கண்ணாடி உடைந்தால் பேச்சு உங்களுக்குத்தான்.

கேபிள் நீளம் பெரும்பாலும் ஒரு மீட்டர். அதனால் உட்கார்ந்திருக்கும் ஆளின் கைக்கும் சாக்கெட்டுக்கும் உள்ள இடைவெளி அந்த ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும், போனைக் கையில் வைத்துப் பார்த்தபடியே சார்ஜ் போடத்தான் எல்லோரும் விரும்புவார்கள். மேஜை என்றால் மேஜை மட்டத்துக்கு மேலே ஒரு சாண். பெஞ்சு என்றால் உட்காரும் பலகைக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு பேருக்கு நடுவில். தரையோரம் வேண்டவே வேண்டாம். தினம் வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற கடைகள் நம்முடையவை. நடைபாதைக்குக் குறுக்கே ஒயர் போகிற இடமும் வேண்டாம், சாம்பார் வாளியோடு வருகிற சர்வர் காலில் மாட்டும்.

சாக்கெட்டுக்குக் கீழே நாலு அங்குல அகலத்தில் ஒரு பிளைவுட் பலகை, விளிம்பில் சின்னதாக ஒரு பட்டி. நான் செய்த வேலைகளிலேயே அதிகம் பாராட்டு வாங்கியது இந்தப் பலகைதான். வயரிங்கை யார் பாராட்டுவார்கள்?

இன்னொன்று, வேக சார்ஜர்கள் தடிமனானவை. இரண்டு சாக்கெட்டை ஒட்டி ஒட்டி வைத்தால் ஒரு தடியன் இரண்டையும் அடைத்துக்கொள்வான். நடுவில் சுவிட்ச் வருகிற மாதிரியோ ஒரு வெற்று மாட்யூல் விட்டோ பிளேட்டை அமையுங்கள்.

வயரிங்: இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

கூல் டிரிங்க்ஸ் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அது பெஞ்சுக்குக் கீழே. இதை நான் சார்ஜிங் பாயின்ட் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கடையில் இப்படி இருந்த பாக்ஸைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பக்கம் பிளாஸ்டிக் இளகி, பழுப்பாகி, முறுக்கு கருகிய மாதிரி வாசனை. அதன் மேல் பிள்ளைகள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

டிபி பாக்ஸிலிருந்து (கடையின் கரண்ட் லைன்கள் பிரிகிற பெட்டி) தனியாக ஒரு லைன் இழுங்கள். எட்டு பாயின்ட்டில் எட்டு லேப்டாப் சார்ஜர் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒவ்வொன்றும் 65 வாட் என்றால் 520 வாட், 230 வோல்ட்டில் இரண்டேகால் ஆம்பியர்தான். ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர், 6 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இதற்குப் போதும். எர்த் வயரை விடாதீர்கள், "போனுக்கு எதுக்குங்க எர்த்து" என்று கேட்கும் எலக்ட்ரீஷியனையும் மாற்றிவிடுங்கள். லேப்டாப் மேல் கை வைத்தால் சுருசுருவென்று வருவது பெரும்பாலும் எர்த் இல்லாத பாயின்ட்டில்தான்.

அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று கட்டாயம். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. யார் யாரோ, எங்கெங்கோ வாங்கிய, பிளந்த, டேப் சுற்றிய சார்ஜர்களைச் செருகப்போகிற இடம் இது. ஷட்டர் உள்ள சாக்கெட் வாங்குங்கள், பிள்ளைகள் ஹேர்பின் விட்டாலும் உள்ளே போகாது. 6 ஆம்பியர் சாக்கெட் மட்டும் போடுங்கள், பெரிய பின்னும் நுழைகிற ரகத்தைப் போட்டால் என்றாவது ஒருவர் இண்டக்‌ஷன் அடுப்போடு வந்து நிற்பார். சிரிக்காதீர்கள், மண்டபத்தில் நடந்திருக்கிறது.

ராத்திரி கடை மூடும்போது இந்த லைனை மட்டும் ஆஃப் செய்யும் பழக்கம் வையுங்கள், தனி லைன் இழுத்ததன் வசதி அப்போது தெரியும். ரயில்வேயே 2021-ல், தீ விபத்துப் பயத்தால், ரயில் பெட்டிகளில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயின்ட்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்த முடிவெடுத்தது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் விடுவது யாருக்கும் நல்லதில்லை.

இன்வெர்ட்டர் லைனில் இரண்டு மட்டும்

எல்லாப் பாயின்ட்டையும் வேண்டாம், இரண்டை மட்டும் இன்வெர்ட்டரில் சேருங்கள். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1800 வாட் ஹவர். அதில் போன் இழுப்பது தூசு. லேப்டாப்காரர்கள் ஆறு பேர் சேர்ந்தால்தான் லைட்டும் ஃபேனும் திணறும், அதனால் இரண்டோடு நிறுத்தச் சொல்கிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு டெல்டாவில் நாள்கணக்கில், சில கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் காசு கொடுத்து வரிசையில் நின்று போனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் காசு வாங்காமல் ஏற்றிக்கொடுத்த கடையை ஊர் மறக்காது. வாங்கின கடையையும்தான்.

காசு வாங்கலாமா, போர்டில் என்ன எழுதலாம்

25 பைசா பொருளுக்குப் பத்து ரூபாய் கேட்டால், அது கஸ்டமருக்கும் தெரியும். வாங்காதீர்கள். போர்டு சின்னதாக, மரியாதையாக இருக்கட்டும். "வாடிக்கையாளர்களுக்கு மட்டும், 30 நிமிடத்துக்கு மேல் அனுமதி இல்லை, மீறினால்..." என்று நீட்டாதீர்கள். நான் எழுதிக்கொடுப்பது இவ்வளவுதான்: "இங்கே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். உங்கள் போனை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருப்பவர்களுக்கும் இடம் கொடுங்கள்."

உப்பிய போன், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிற போன் யாராவது கொண்டுவந்தால் பணிவாக, ஆனால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அது கடைக்கே ஆபத்து.

கல்லாவில் வாங்கி வைத்துச் சார்ஜ் போட்டால் அடையாளம் வையுங்கள். ஒரே மாதிரி கறுப்பு கவர் போட்ட மூன்று போன் வரிசையாகக் கிடக்கும்போது தெரியும் அருமை. ஒரே நம்பரை இரண்டு டோக்கன் சீட்டில் எழுதி, ஒன்றைப் போனுக்கடியில், ஒன்றை அவர் கையில். மறந்துவிட்டுப் போன போனுக்கு யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேசுங்கள், ஆனால் நேரில் வந்து லாக்கைத் திறந்து காட்டிய பிறகு மட்டும் கொடுங்கள். காணாமலே போய்விட்டது என்று வந்து நிற்பவருக்குச் சொல்ல ஒரு தகவல்: போலீஸ் புகாரோடு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனை முடக்க விண்ணப்பிக்கலாம். கேமரா அந்தப் பலகையைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

பார்சல் வாசலில் ஒன்று

ஹோட்டல் வைத்திருப்பவர்களுக்கு இது தனியாக. டெலிவரிக்கு வரும் தம்பிகள் பார்சல் கவுண்டரில் பத்து, பதினைந்து நிமிடம் நிற்கிறார்கள். ஆர்டர், வழி, கஸ்டமர் நம்பர், அன்றைய கூலி எல்லாம் அந்தப் போனில். பெரும்பாலான ஹோட்டல்களில் அவர்களை வாசலுக்கு வெளியே வெயிலில் நிறுத்துவதுதான் வழக்கம். சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்கு ஏசி ஓய்வறை திறந்தபோது சார்ஜிங் வசதியையும் சேர்த்தே வைத்தார்கள். உங்களால் ஏசி அறை கட்ட முடியாது, பார்சல் கவுண்டர் பக்கவாட்டில் இரண்டு சாக்கெட் போட முடியும். போன் செத்த டெலிவரி தம்பியின் கையில் இருப்பது உங்கள் பிரியாணி, அது ஆறினால் குறைந்த ஸ்டார் விழுவது உங்கள் கடைக்கு.

போட்ட பிறகு

மாதம் ஒரு நாள், கடை திறக்கும் முன், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும், விழவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஒரு சார்ஜரைச் செருகி ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தாலோ, ஓட்டையைச் சுற்றி கறுத்திருந்தாலோ, செருகும்போது பொறி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். தினம் இருபது முறை செருகிப் பிடுங்கும் சாக்கெட் வீட்டுச் சாக்கெட் மாதிரி பத்து வருடம் உழைக்காது. டைப்-சி ஓட்டையில் இட்லி மாவு காய்ந்திருந்ததை நானே குண்டூசியால் நோண்டி எடுத்திருக்கிறேன், லைனை ஆஃப் செய்துவிட்டுத்தான். நீங்களும் ஆஃப் செய்துவிட்டு நோண்டுங்கள்.